கட்டை டார்ச் முதல் லித்தியம் வரை

அன்று

வாசுதேவநல்லூரின் மலையடிவாரத் தோட்டங்களுக்கு ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் கையில் மூன்று கட்டை (பேட்டரி) போட்ட டார்ச் இருக்கும். வெளிச்சம் மங்கினால் கட்டைகளை வெயிலில் காயவைத்து, திரும்பப் போட்டு, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவார்கள். அதன் பிறகும் பிள்ளைகள் விடமாட்டார்கள். கல்லால் தட்டி உடைத்து, நடுவிலிருக்கும் கரிக்குச்சியை உருவிச் சுவரில் ஸ்டம்ப் வரைவார்கள். கையில் அப்பும் கருப்பு மாங்கனீசு டை ஆக்சைடு, மேல் உறை துத்தநாகம். ஒழுகிய கட்டை அன்றும் நல்லதில்லைதான். ஆனால் வீட்டில் கட்டை போடும் சாமானே டார்ச், ரேடியோ என இரண்டுதான். ரேடியோ பாடாவிட்டால் கடைக்குப் போய், சால்டரிங் வைத்து வீடு திரும்பும்.

கடலில் இறங்கியவர்களிடமும் மின் சாமான் இல்லை. தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர்கள் கல்லையும் கயிற்றையும் நம்பி இறங்கினார்கள். அங்கே கடைசியாக 1961-இல் முத்துக்குளிப்பு நடந்தது. அந்தத் தொழில் மின் குப்பை எதையும் விட்டுப்போகவில்லை.

இன்று

அதே கடலுக்குள் ஸ்கூபா முக்குளிக்கப் போகிறவர் மணிக்கட்டில் ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் குட்டிக் கணினி, கையில் சார்ஜ் ஏற்றும் விளக்கு. உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டால் அநேகமாக இரண்டும் குப்பைதான். நம் ஊரிலும் செல்போன், பவர் பேங்க், புளூடூத் ஸ்பீக்கர், தோட்டக் காவலுக்குப் போகும் சார்ஜ் லைட் என வீட்டுக்கு வீடு பெருகிவிட்டன. பலவற்றுக்குள் இருப்பது லித்தியம் பேட்டரி. நசுங்கினாலோ குத்துப்பட்டாலோ அது தானாகவே தீப்பிடிக்கக்கூடும். குப்பை வண்டியில் அழுத்தினாலும் போதும்.

2006-இல் தொடங்கி அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குலக் கலர் டிவிகளை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாடு முழுவதும் ஒன்றரைக் கோடிக்கு மேல். ஏழை வீட்டுக்குள் உலகத்தைக் கொண்டுவந்த பெட்டி அது. பழுதானதும் பழைய இரும்புக்காரரிடம் போகிறது. செம்புச் சுருளுக்காகப் பிக்சர் டியூபை உடைத்தால், ஈயம் கலந்த கண்ணாடி ஓடைக்கரையில் தங்கிவிடும். ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுத்தால் நச்சுப்புகையை முதலில் சுவாசிப்பவர் அதைச் செய்யும் ஏழைத் தொழிலாளிதான். அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. வேறு வழி காட்டாத நாம்தான் பொறுப்பு.

சட்டம் இல்லாமல் இல்லை. மின்னணுக் கழிவு விதிகள் 2012 மே மாதமே நடைமுறைக்கு வந்தன. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள புதிய விதிகள், தயாரிப்பு நிறுவனங்களுக்கு மறுசுழற்சி இலக்கு வைத்திருக்கின்றன. பேட்டரிக்கென்று 2022-இல் தனி விதிகளும் வந்துவிட்டன. ஆனாலும் 2022-இல் உலகம் முழுவதும் சேர்ந்த 6.2 கோடி டன் மின் குப்பையில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் உள்ளது கால்வாசி கூட இல்லை. பெரிய நகரத்தில் கிடைக்கும் சேகரிப்பு வசதி சிற்றூரின் தெருவரை வராததும் இதற்கு ஒரு காரணம்.

ஊர் விரும்பினால் இதைச் சரிசெய்யலாம். ஊராட்சியோ பேரூராட்சியோ மின் குப்பைக்கென ஒரு மூடிய பெட்டி வைத்து, நிறைந்ததும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கட்டும். பள்ளிக்கூடங்களும் செல்போன் கடைக்காரர்களும் சேர்ந்துகொண்டால் வேலை எளிது.

நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முதலில் பழுது பார்க்க முயலுங்கள். முடியாவிட்டால் போனில் உள்ள படங்களையும் வங்கி விவரங்களையும் அழித்துவிடுங்கள். பேட்டரி முனைகளில் டேப் ஒட்டுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ சார்ஜ் போடவோ வேண்டாம். குப்பையோடு சேர்க்காதீர்கள், கொளுத்தாதீர்கள். தூய்மைப் பணியாளர் கையில் கொடுக்கும்போது “இதில் பேட்டரி இருக்கு, தனியா வைங்க அண்ணே” என்று சொல்லிக் கொடுங்கள். அடுத்த கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ அந்தப் பெட்டியைக் கேளுங்கள். கேட்டால்தான் வரும்.