எரிகோவின் மதில்களும் அகழ்வுக்குழியின் சாட்சியும்

யோசுவா 6ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும்போது, "எரிகோவின் மதில் விழுந்ததைப் புதைபொருள் ஆராய்ச்சி மெய்ப்பித்துவிட்டது" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. இக்கூற்று எங்கிருந்து வந்தது, ஏன் அது நிலைக்கவில்லை என்பதை அறிய, அகழ்வுக்குழியில் ஒரு நாள் எவ்வாறு கழிகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பாலஸ்தீனத்தின் வெயில் கடுமையானது. ஆகவே வேலை விடியலிலேயே தொடங்கிவிடும். ஏறக்குறைய 5 மீட்டர் சதுரமாக அளந்து குழி வெட்டப்படும். இரு குழிகளுக்கு இடையே ஒரு மண்வரப்பு வெட்டப்படாமல் விடப்படும். நடக்க வழியாகவும் அது பயன்படும். ஆனால் அதன் தலையாய நோக்கம் வேறு. வரப்பின் செங்குத்தான முகத்தில் மண்ணடுக்குகள், ஏட்டின் பக்கங்கள்போல, ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். ஒருவர் சிறு கொத்தினால் மண்ணை இளக்குவார். மற்றொருவர் கரணையால் சுரண்டுவார். பிறர் கூடையில் அள்ளிச் சல்லடையில் சலிப்பர். மண்ணின் நிறமோ இறுக்கமோ மாறினால் உடனே கை நிற்க வேண்டும். அது புதிய அடுக்கு. அதில் கிடைக்கும் பானை ஓடுகள் தனிக் கூடையில், தனி எண்ணுடன் சேர்க்கப்படும். பிற்பகலில் அவை கழுவப்படும். பின்னர் அவற்றின் விளிம்பும் வனைவும் நோக்கிக் காலம் கணிக்கப்படும். 1890இல் தெல் எல்-ஹெசி மேட்டில் பிளிண்டர்ஸ் பீட்ரி காட்டிய வழி இது. மாலையில் வெட்டுமுகம் வரையப்பட்டு, அன்றைய குறிப்பேடு எழுதப்படும்.

இவ்வளவு கவனம் எதற்கு? தோண்டுதல் ஓர் அழித்தலாகும். ஒருமுறை அகற்றிய அடுக்கை எவரும் மீண்டும் தோண்ட இயலாது. குறிப்பேட்டில் ஏறாதது என்றென்றைக்கும் இழந்ததே.

எரிகோவின் மேடாகிய தெல் எஸ்-சுல்தானில் 1930 முதல் 1936 வரை அகழ்ந்த ஜான் கார்ஸ்டாங், சரிந்து கிடந்த இரட்டை மதிலைக் கண்டு, அது யோசுவாவின் காலத்தில், ஏறக்குறைய கி.மு. 1400இல் விழுந்தது என்று அறிவித்தார். கிறிஸ்தவ உலகம் மகிழ்ந்தது. நம் பிரசங்கக் கூற்றின் வேர் இதுவே.

1952 முதல் 1958 வரை கேத்லீன் கென்யன் அம்மையார் அதே மேட்டைத் தோண்டினார். மேற்கூறிய வெட்டுமுக முறையை அவர் மார்ட்டிமர் வீலரிடம் கற்றவர். அதே வீலர்தான் 1945இல் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டை அகழ்ந்தவர். ஒரு மதிலின் காலத்தை மதில் தானே சொல்லாது. அதைத் தொட்டு நிற்கும் தரையும், அதன் அடித்தளத்துக்காக வெட்டிய குழியுமே சொல்லும். அவ்வாறு நோக்கியபோது, அந்த இரு மதில்களும் ஒரே காலத்தன அல்ல என்பதும், இரண்டும் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தவை என்பதும் தெளிந்தன. மேட்டின் சரிவில் பிற்கால அடுக்குகள் மழையால் அரிக்கப்பட்டுப் போனதால், மிகப் பழைய மதில் மேற்பரப்பின் அருகே கிடந்தது. முன்னவர் ஏமாந்தது இங்கேதான். மத்திய வெண்கலக் கால நகரம் கி.மு. 16ஆம் நூற்றாண்டளவில் எரிந்தழிந்தது. அதற்குப் பிற்பட்ட காலத்துக்குக் கிடைத்தவையோ, ஒரு வீட்டுத் தரையின் துணுக்கும், ஓர் அடுப்பும், ஒரு சிறு குடமுமே. 1990இல் பிரையன்ட் வுட் பானை ஓடுகளை மீளாய்ந்து, நகரம் எரிந்தது கி.மு. 1400ஐ ஒட்டியே என வாதித்தார். ஆய்வாளருள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை.

கென்யன் அம்மையார் திருமறையின் பகைவர் அல்லர். கிரேக்கப் புதிய ஏற்பாட்டுக் கைப்பிரதிகளை ஆராய்ந்து புகழ்பெற்ற சர் பிரெடெரிக் கென்யனின் மகள் அவர். கார்ஸ்டாங்கும் பொய்யர் அல்லர்; தம் காலத்து முறை காட்டியதை அவர் சொன்னார். எனினும், விடையை முன்னரே அறிந்தவராய்க் குழியில் இறங்குவோருக்கு மண் எளிதில் அந்த விடையையே தந்துவிடுகிறது. இந்த ஆபத்து அவருக்கு மட்டும் உரியதன்று.

போதகர் இதிலிருந்து கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, விசுவாசத்தைப் பானை ஓட்டின்மேல் கட்டலாகாது. கார்ஸ்டாங்கின் மதில்மேல் சபையை நிறுத்தினவர், கென்யனின் நூலைக் கல்லூரியில் படித்துவிட்டு வரும் இளைஞனுக்கு என்ன சொல்வார்? மதிலோடு விசுவாசமும் சரிந்துவிட்டதாக அவன் எண்ணினால், அந்தப் பொறுப்பு நம்முடையதே. யோசுவாவின் நூல், ஆண்டவரின் ஈவாகத் தேசத்தைப் பெற்ற மக்களின் அறிக்கை. அந்த அறிக்கையின் பொருளைக் கரணை நிறுவவும் இயலாது, நீக்கவும் இயலாது.

இரண்டாவது, வசனத்துக்கும் அடுக்குகள் உண்டு. அது எழுந்த காலம், தொகுக்கப்பட்ட காலம், நாம் வாசிக்கும் காலம் ஆகியவற்றை ஒன்றாய்க் குழப்பி ஒரே கூடையில் போடுகிறவர், வரப்பு விடாமல் தோண்டுகிறவருக்கு ஒப்பாவார். நிறம் மாறும் இடத்தில் கை நிற்கட்டும். கண்டதைக் கண்டபடியே குறித்துக்கொண்டு, காணாததைக் கண்டதாகச் சொல்லாதிருப்பதும் சத்தியத்துக்கு நாம் செய்யும் ஊழியமே.