இழுப்பு வந்தால் கூலியும் போகும்

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையிலிருந்து வெளியே வருபவரின் முகமும் முடியும் அலுமினியப் பொடியில் வெள்ளியாய் மின்னும். குளித்தால் அது போய்விடும். மூச்சோடு உள்ளே இறங்கிய தூசி அப்படிப் போவதில்லை.

நாட்டின் பட்டாசில் சுமார் 90 சதவீதம் சிவகாசி வட்டாரத்தில்தான் தயாராகிறது. கந்தகம், கரித்தூள், உலோகப் பொடி ஆகியவற்றின் நுண்தூசி சுவாசக் குழாயை உறுத்தும். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவருக்கு அதுவே இழுப்பைக் கிளப்பிவிடும்.

செலவு எங்கே போகிறது?

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2019இல் உலகில் 26 கோடிப் பேருக்கு மேல் ஆஸ்துமா இருந்தது, 4.55 லட்சம் பேர் இறந்தனர். அமெரிக்காவில் 2013இல் மட்டும் இந்நோயால் ஏற்பட்ட பொருளாதாரச் சுமை சுமார் 8,190 கோடி டாலர். சிகிச்சைச் செலவோடு விடுப்பும் உயிரிழப்பும் சேர்ந்த கணக்கு அது.

சிவகாசியில் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவருக்கு விடுப்பு என்றாலே வருமான இழப்பு. நள்ளிரவில் மூச்சுத் திணறினால் ஆட்டோ வாடகை, நெபுலைசர், ஊசி, துணைக்கு வந்தவரின் ஒரு நாள் கூலி என எல்லாம் ஒன்றாகச் சேரும்.

முன்கூட்டியே தடுத்தால்

திணறும்போது மட்டும் சால்பியூட்டமால் இன்ஹேலரை எடுத்துச் சமாளிப்பது பலரின் வழக்கம். அது சுவாசக் குழாயை விரிக்கும். உள்ளே இருக்கும் அழற்சியை ஆற்றாது. அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம் என்று சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019இலேயே சொல்லிவிட்டது. மருத்துவர் சொன்னபடி தொடர்ந்து எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர், அவசரப் பிரிவுக்கு ஓடும் தேவையைக் குறைக்கும். நோயாளிக்கும் அரசுக்கும் அதுவே சிக்கனம்.

யார் பொறுப்பு?

ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ள தொழிலாளிக்கு, உரிய சந்தா நாட்கள் இருந்தால், நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாட்கள் வரை 70 சதவீத ஊதியம் கிடைக்கும். பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கும், வீட்டிலிருந்து பட்டாசுக் குழாய் ஒட்டிக் கொடுக்கும் பெண்ணுக்கும் அது எட்டாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் உள்நோயாளி சிகிச்சைக்கே கைகொடுக்கிறது. மாதாமாதம் வாங்கும் இன்ஹேலருக்கு அல்ல. ஆகவே இந்த வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பு இன்ஹேலர் தட்டுப்பாடின்றி இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை நுரையீரல் திறன் பரிசோதனையை ஆலைகள் நடத்த வேண்டும்.

மருத்துவரிடம் சொல்லுங்கள்

வேலை நாட்களில் இருமலும் இழுப்பும் கூடி, ஞாயிற்றுக்கிழமை குறைகிறதா? அது தொழில்சார் ஆஸ்துமாவின் அறிகுறியாக இருக்கலாம். எந்த அறையில், என்ன பட்டாசு மருந்தோடு, எத்தனை ஆண்டாக வேலை என்பதை மருத்துவரிடம் சொல்லி, அதைச் சீட்டிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இழப்பீடு கேட்கும் நிலை வந்தால் அந்தச் சீட்டு உதவும்.