முதுகில் ஒரு வீடு!

குட்டீஸ், நீங்கள் எப்போதாவது வீடு மாறியிருக்கிறீர்களா?

முதலில் அம்பத்தூரில் ஒரு வாடகை வீடு. அப்புறம் ஆவடி. அதற்கப்புறம் பூந்தமல்லி. நம்ம பக்கத்தில் இப்படி மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்கள் நிறைய. 'குட்டி யானை' வண்டி வாசலில் வந்து நிற்கும். "எது வேணும், எது வேண்டாம்? சீக்கிரம் சொல்லு!" என்று அம்மா அவசரப்படுத்துவார். பழைய சைக்கிளை விட்டுப் போகவும் மனசு வராது. ஏற்றிப் போகவும் வண்டியில் இடம் இருக்காது!

இந்தத் தவிப்பையே ஒரு விளையாட்டாக மாற்றினால் எப்படி இருக்கும்? அதைத்தான் 'நாடோடி ஆட்டம்' என்கிறார்கள். ஆடும் இடம், மைன்கிராஃப்ட்.

கட்டைகளால் ஆன உலகம்

மைன்கிராஃப்ட் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் உருவாக்கியது. 2009-ம் ஆண்டு மே மாதம் முதன்முதலாக மக்கள் கைக்கு வந்தது. முழு வடிவம் 2011-ல் வெளியானது. மண், கல், மரம் எல்லாமே சதுரக் கட்டைகள்தான். வெட்டலாம், அடுக்கலாம், வீடு கட்டலாம். இரவானால் ஜாம்பி வரும், வெடிக்கும் க்ரீப்பர் வரும். அதனால் எல்லோரும் முதல் வேலையாக ஒரு வீடு கட்டுவார்கள். பெட்டி பெட்டியாகப் பொருள் சேர்ப்பார்கள்.

ஒரு கட்டை ஒரு மீட்டர் என்பது கணக்கு. நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 3 கோடி கட்டை தூரம் போகலாம். அதாவது 30,000 கிலோமீட்டர்! பூமியின் சுற்றளவே சுமார் 40,000 கிலோமீட்டர்தான். இவ்வளவு பெரிய உலகத்தை வைத்துக்கொண்டு, ஒரே இடத்தில் வீடு கட்டி உட்கார்ந்திருப்பதா என்று சிலருக்குத் தோன்றியது. உடனே தாங்களே சில விதிகள் போட்டுக்கொண்டார்கள்.

வீடு கட்டக் கூடாது. ஒரே இடத்தில் இரண்டு, மூன்று இரவுக்கு மேல் தங்கக் கூடாது. பெட்டியில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. இருப்பதெல்லாம் கூடவே வர வேண்டும். அவ்வளவுதான்!

36 கட்டம்தான் சொத்து

கேட்கச் சுலபமாக இருக்கிறதா? ஆடிப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் பையில் மொத்தம் 36 கட்டம்தான். கல்லோ மண்ணோ என்றால் ஒரு கட்டத்தில் 64 வைக்கலாம். ஆனால் கோடரி, வாள், கட்டில் எல்லாம் ஒன்றுக்கு ஒரு கட்டம் பிடிக்கும். வழியில் பளபளவென்று ஒரு கல் கிடைக்கும். அதை எடுக்க வேண்டுமென்றால் வேறு ஒன்றைக் கீழே போட வேண்டும்!

கழுதையைப் பழக்கி அதன் மேல் பெட்டி கட்டினால் இன்னும் 15 கட்டம் கிடைக்கும். ஆனால் அதைப் பத்திரமாக ஓட்டிக்கொண்டு போவதும் உங்கள் பொறுப்புதான்.

சாப்பாடு? கோதுமை விதைத்தால் விளையும்வரை காத்திருக்க வேண்டும். நாடோடிக்கு ஏது நேரம்? மீன் பிடிக்கலாம், பழம் பறிக்கலாம், வேட்டையாடலாம். ஒரு தீமூட்டம் போட்டால் ஒரே சமயத்தில் நான்கு துண்டு இறைச்சி வாட்டலாம்.

தூக்கமும் முக்கியம். மூன்று நாள் தூங்காமல் சுற்றினால் 'ஃபேன்டம்' என்ற பறக்கும் பூதங்கள் தேடி வந்து தாக்கும். அதனால் கட்டிலையும் சுமந்தே ஆக வேண்டும்.

இங்கேதான் ஒரு பெரிய ஆபத்து. நீங்கள் கடைசியாகப் படுத்த கட்டில் அங்கேயே இருந்தால், இறந்த பிறகு அதன் அருகிலேயே மறுபடி பிறப்பீர்கள். ஆனால் நாடோடிதான் காலையில் கட்டிலைப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாரே! வழியில் இறந்தால், உலகம் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டியதுதான். கையில் இருந்த பொருள்கள் எங்கோ தொலைவில் சிதறிக் கிடக்கும். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிப் போனதும் ஐந்து நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் அவையும் மறைந்துவிடும். வீட்டில் மிச்சம் வைத்திருந்தால்தானே போய் எடுக்க?

ஆகவே நல்ல நாடோடி அநாவசியமாகச் சண்டைக்குப் போக மாட்டார். சூரியன் சாய்வதற்குள் தங்குமிடம் பார்ப்பார். வெட்டிய மரத்துக்குப் பதிலாக ஒரு கன்று நட்டுவிட்டு நடப்பார்.

நம்ம ஊர் நாடோடிகள்

இந்த ஆட்டத்தை நிஜமாகவே ஆடியவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள் தெரியுமா? விளையாட்டுக்காக அல்ல, உயிர் வாழ!

திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் இருக்கிறது அத்திரம்பாக்கம் என்ற சிற்றூர். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர், மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங் என்பவருடன் சேர்ந்து அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். பிற்காலத்தில் சாந்தி பப்புவும் அவரது குழுவினரும் அங்கே பல ஆண்டுகள் தோண்டி ஆராய்ந்தார்கள். மண்ணில் புதைந்த கல்லுக்குள் சில அணுக்கள் மெல்ல மெல்லச் சிதைந்து குறையும். அதை அளந்தால் கல் புதைந்த காலம் தெரியும். 2011-ல் வெளியான அவர்களின் முடிவு உலகத்தையே வியக்க வைத்தது. அங்கே கிடைத்த மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள்!

அவற்றைச் செய்தவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள் அல்ல. நமக்கு வெகு காலம் முந்தைய இனத்தவர். வீடு இல்லை, வயல் இல்லை, பானை இல்லை. உணவும் நீரும் இருக்கும் இடம் தேடி நடந்தார்கள். பெரிய கற்சில்லுகளை வேறு இடத்தில் உடைத்து, வேண்டியதை மட்டும் அத்திரம்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பாறையையே சுமந்து வர அவர்களுக்கு என்ன, 36 கட்டமா இருந்தது? இரண்டு கைதானே!

அதே இடத்தில் சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கருவிகள் சிறியவையாக மாறத் தொடங்கின. கல்லை முதலில் பக்குவமாகச் செதுக்கித் தயார் செய்துகொண்டு, பிறகு ஒரே அடியில் நினைத்த வடிவத்தில் சில்லைப் பெயர்த்தெடுத்தார்கள். இந்தச் செய்தி 2018-ல் வெளியானது. கையில் இருப்பது சின்னதாகவும் கூர்மையாகவும் இருந்தால் நடப்பவருக்குச் சுலபம் அல்லவா?

இன்றும் நாடோடிகள் உண்டு. அறுவடை முடிந்த நெல் வயல்களில் வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தென் மாவட்டங்களில் ஆட்டு மந்தையோடு நடந்து, இரவில் வயலில் 'கிடை' போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆட்டுப் புழுக்கை வயலுக்கு உரம். அதற்காக நிலத்துக்காரர் பணமோ நெல்லோ கொடுப்பார். நாடோடி வந்து போனால் அந்த நிலம் இன்னும் செழிக்கும்! அடுத்த முறை அவர்களை வழியில் பார்த்தால், 'ஊர் இல்லாதவர்கள்' என்று ஏளனம் செய்யாதீர்கள். எங்கே தண்ணீர், எங்கே மேய்ச்சல், எப்போது மழை என்று எத்தனையோ அவர்களுக்கு அத்துப்படி.

ஒரு நாள் போய் வரலாமா?

ஆவடியில் ரயில் ஏறினால் திருவள்ளூர். அங்கிருந்து சாலை வழியாகப் பூண்டி. நமக்குக் குடிநீர் தரும் ஏரி இருக்கிறதே, அதே பூண்டிதான். அங்கே தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தில் கற்கருவிகளைப் பார்க்கலாம். ஃபூட் சேர்த்த கருவிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். கற்கருவிகள் கிடக்கும் இடங்களில் எந்தக் கல்லையும் எடுத்துப் பையில் போடாதீர்கள். அது கிடக்கும் இடமும் மண் அடுக்கும்தான் அதன் வயதைச் சொல்கிறது. பெயர்த்து எடுத்துவிட்டால் அது வெறும் கல்!

கம்ப்யூட்டர் இல்லையா? கவலை வேண்டாம். ஒரு நோட்டுத்தாளில் 36 கட்டம் போடுங்கள். நாளைக்கே வீடு மாறுகிறோம், வண்டி கிடையாது, கட்டத்துக்கு ஒரு பொருள்தான் என்று நினைத்து எழுதுங்கள். பிறகு பாதியை அடித்துவிடுங்கள். மறுபடியும் பாதி. கடைசியில் ஒன்பதுதான் மிஞ்சும்.

அந்த ஒன்பதில் என்னென்ன இருந்தன? அம்மாவிடம் காட்டுங்கள். அவரையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு பட்டியலிலும் ஒரே மாதிரி இருப்பவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்!