கடைசி வாங்கில் ஒரு வெற்றிடம்



சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பங்குத்தந்தையாகப் பணியாற்றிய ஓர் ஊரில், ஞாயிறுதோறும் ஆலயத்தின் கடைசி வாங்கில், தூணோடு சாய்ந்தபடி ஒரு முதியவர் அமர்ந்திருப்பார். திருப்பலி முடிந்ததும் வாசலில் காத்து நின்று, "சுவாமி, சுகமாய் இருக்கிறீங்களோ?" என்று கேட்பார். நான் புன்னகையோடு தலையசைத்துவிட்டு அடுத்தவரிடம் சென்றுவிடுவேன். அவருடைய சுகத்தை ஒருநாளேனும் நான் விசாரித்ததில்லை.

அவ்வாண்டு ஆலயத் திருநாள் நெருங்கியது. கொடியேற்றம், நவநாள், மின்விளக்கு அலங்காரம், அருட்பணிச் சபைக் கூட்டங்கள் என நாட்கள் ஓடின. திருநாள் நிறைவுற்ற வாரத்தில் அம்முதியவரின் மரணச் செய்தி அறைவீட்டுக்கு வந்தது. ஆறு வாரங்களாக அவர் படுக்கையில் கிடந்திருக்கிறார். நோயிற்பூசுதல் பெறாமலே கண்மூடியிருக்கிறார். எனக்கு அறிவிக்க முற்பட்ட மகளை அவரே தடுத்தாராம். "திருநாள் வேலையோடை சுவாமி கஷ்டப்படுறார், இதுக்குள்ளை நாங்களும் கரைச்சல் குடுக்கக்கூடாது" என்றாராம்.

சேமக்காலையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு கேள்வி என்னை வாட்டியது. ஆறு ஞாயிறுகள் அந்த இடம் வெறுமையாக இருந்ததை நான் ஏன் காணவில்லை? திருநாள் சிறப்பாக நடந்தது என்று அனைவரும் பாராட்டினர். ஆனால் யாருக்காக ஆண்டவர் என்னை அந்த ஊருக்கு அனுப்பினாரோ, அவர்களுள் ஒருவர் எனக்குத் தெரியாமலே இறந்துபோனார். இன்றும் இதனை நினைத்து நான் வருந்துகிறேன்.

யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தை அந்நாட்களில் மீண்டும் மீண்டும் வாசித்தேன். உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து வைத்திருக்கிறார். தலைமைக்குருவின் முற்றத்திலும் கரி நெருப்பின் அருகே நின்றுதான் பேதுரு அவரை மறுதலித்தார் என்பதை அதே நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் குறிப்பிடுகின்றது. தவறி விழுந்தவரை ஆண்டவர் முதலில் உண்ணச் செய்கிறார். அதன்பின்னரே கேள்வி கேட்கிறார். அவருடைய திறமையையோ அனுபவத்தையோ பற்றி அவர் கேட்கவில்லை. தம்மை அன்பு செய்கிறாயா என்றே மும்முறை கேட்கிறார். ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் தம் மந்தையை அவரிடம் ஒப்படைக்கிறார். அம்மந்தை பேதுருவுக்குச் சொந்தமாகிவிடவில்லை, ஆண்டவருடையதாகவே இருக்கின்றது. ஆண்டவர்மேல் உள்ள அன்பை, அவருடையவர்களைப் பேணுவதில் காட்டுவதே சீடத்துவம் என்பதை இந்நிகழ்வு நமக்கு உணர்த்துகின்றது.

இந்த உண்மையை நம் மண்ணிலேயே வாழ்ந்து காட்டியவர் புனித யோசேவ் வாஸ் அடிகளார். 1651ஆம் ஆண்டு கோவாவில் பிறந்த அவர், 1687ஆம் ஆண்டில் யோவான் என்னும் ஊழியருடன் யாழ்ப்பாணக் கரையில் வந்திறங்கினார். 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலம் அது. எனவே, ஏழைப் பிச்சைக்காரரின் கோலத்தில் அவர் வீடுவீடாகச் சென்றார். கடற்பயணத்தின் களைப்பும் கடும் நோயும் அவரைப் படுக்கையில் தள்ளின. அவ்வேளையில் இரக்கமுள்ள ஒரு பெண் கஞ்சி கொடுத்து அவரைப் பேணியதாக அவருடைய வரலாறு கூறுகின்றது. கடற்கரையில் பேதுருவுக்கு நிகழ்ந்ததே இவருக்கும் நிகழ்ந்தது. மேய்க்க வந்தவர் முதலில் ஊட்டப்பட்டார்.

1692ஆம் ஆண்டில் கண்டி இராச்சியத்துக்குச் சென்றபோது, போர்த்துக்கேயரின் ஒற்றர் என்ற ஐயத்தில் அடிகளார் சிறைவைக்கப்பட்டார். தம்மைச் சிறையிட்ட அந்த நகரை அவர் வெறுக்கவில்லை. 1697ஆம் ஆண்டு அங்கே பெரியம்மை நோய் பரவியபோது, அச்சத்தால் நோயாளர் கைவிடப்பட்டனர். அடிகளாரோ தம் மருமகனான யோசேவ் கர்வாலியோ அடிகளாருடன் அங்கேயே தங்கினார். புண்களைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தோரை அடக்கம் செய்தார். கத்தோலிக்கரா, பௌத்தரா என்று அவர் பார்க்கவில்லை. 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே அவர் இறைபதமடைந்தார். திருத்தந்தை பிரான்சிஸ், 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அடிகளார் விட்டுச்சென்ற இன்னொரு பாடமும் உண்டு. ஒரே குருவால் எல்லா ஊர்களிலும் இருக்க முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே, ஊர்தோறும் நம்பிக்கைக்குரிய பொதுநிலையினரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். மூப்பர் என்று அழைக்கப்பட்ட அவர்கள், மக்களைச் செபத்தில் ஒன்றுகூட்டினர். அவசர வேளைகளில் திருமுழுக்கு அளித்தனர். குருவானவர் வரும்வரை இறைமக்களைக் காத்தவர்கள் அவர்களே. இன்று நம்முடைய பங்குகளில் நமக்கு முன்னே இருப்பதும் அதே பொறுப்புத்தான். நோயாளரைச் சந்திப்பதும், தனித்திருப்போரைத் தேடிச் செல்வதும் சுவாமிக்கும் அருட்சகோதரிகளுக்கும் மட்டும் உரிய பணி என்று எண்ணி நாம் ஒதுங்கிவிடக்கூடாது. திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவருக்கும் அதில் பங்குண்டு.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு நிமிடம் நின்று, வழக்கமாக வருபவர்களில் இன்று யார் வரவில்லை என்று பாருங்கள். திரும்பும் வழியில் அவர் வீட்டுக்குச் சென்று விசாரியுங்கள். யாரேனும் நோயுற்றிருந்தால், தொந்தரவாகும் என்று தயங்காமல் உடனே பங்குத்தந்தைக்கு அறிவியுங்கள். நோயாளரின் வீட்டுக் கதவைத் தட்டுவதே எமது முதற்பணி. மற்ற வேலைகள் எல்லாம் அதற்குப் பின்னரே. அன்பியக் கூட்டம் நடக்கும் வேளையில், வர இயலாத ஒருவரின் வீட்டு முற்றத்திலேயே அதனை நடத்தலாம். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நோயாளி ஒருவரின் கட்டிலருகே பத்து நிமிடம் அமர்ந்திருக்கும் பிள்ளை, எந்த மறைக்கல்விப் புத்தகமும் தராத பாடத்தைக் கற்றுக்கொள்ளும்.

அம்முதியவரின் மரணத்துக்குப் பின்னர், ஒவ்வொரு வாரமும் நோயாளரைச் சந்திப்பதற்கென்று ஒரு நாளை ஒதுக்கினேன். திருநாள் காலத்திலும் அதனை நான் மாற்றுவதில்லை. ஆனால் மற்றொன்றை உணர எனக்கு நெடுங்காலம் சென்றது. அவர் எந்தச் சபையிலும் அங்கத்தவராக இருந்ததில்லை. அவருக்கு எந்தப் பொறுப்பும் இருந்ததில்லை. ஆயினும் வாரந்தோறும் வாசலில் காத்து நின்று, தம்முடைய மேய்ப்பரின் சுகத்தைத் தவறாமல் விசாரித்தார். இறுதிப் படுக்கையிலும் என் களைப்பையே எண்ணினார். அந்த ஆலயத்தில் மேய்ப்புப் பணியை உண்மையாக ஆற்றியவர், கடைசி வாங்கில் இருந்தவரே.

அன்பார்ந்தவர்களே, இந்த ஞாயிறு உங்கள் அருகே எந்த இடம் வெறுமையாக இருக்கின்றது? அந்த இடத்துக்குரியவர் ஆண்டவருக்குச் சொந்தமானவர். அவரைத் தேடிச் செல்லும் சீடர்களாக நம்மை ஆக்கும்படி, அவரிடமே மன்றாடுவோமாக.