தூண்டில் நரம்புக்கு எவ்வளவு செலவிடலாம்?

பாகூர் ஏரிக்கரையில் மாலை வேளையில் தூண்டில் போடுவோரின் கைகளைக் கவனித்தால் இரு தலைமுறைகள் தெரியும். ஒருவரிடம் மூங்கில் கோல், சில முழ நைலான் நரம்பு, தக்கை, மண்புழு. சற்றுத் தள்ளி நிற்கும் இளைஞரிடம் கார்பன் கோல், சுழலும் ரீல், அதில் பச்சை நிறப் பின்னல் நரம்பு. முன்னவரின் நரம்பு பெட்டிக்கடைச் சரக்கு. பின்னவருடையதன் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டியிருக்கலாம். ஏரிக்கு அக்கரையில் நடவு வேலைக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் கூலிக்கும் மேல். அந்த விலை வேறுபாட்டுக்கு உரிய பயன் உண்டா?

இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுவது நம் ஏரிகளில் அன்று. இறகாலும் நூலாலும் ஈயைப் போலக் கட்டிய போலி இரையை வீசிப் பிடிக்கும் முறையில்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சனின் முயற்சியால் நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீன் வேரூன்றியது. அதோடு இம்முறையும் அங்கு நிலைத்தது. போலி ஈக்கு எடை இல்லை. ஆகவே அதைத் தூரத்துக்குக் கொண்டுசெல்வது நரம்பின் எடையே. ஐந்தாம் எண் நரம்பின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 9 கிராம் இருக்க வேண்டும் என்பது உலகளாவிய அளவுமுறை. எங்கே பருத்து எங்கே மெலிய வேண்டும், மேற்பூச்சு எவ்வளவு வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் வீச்சைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்கச் சந்தையில் உயர்தர நரம்பு 100 டாலருக்கு மேல் விற்பதன் காரணம் இதுவே. அங்குங்கூட, இருபது முப்பது அடி வீச்சே போதுமான சிற்றோடையில் நடுத்தர விலை நரம்பைச் சோப்பு நீரால் துடைத்து வைத்திருப்பவர் எதையும் இழப்பதில்லை. நெடுந்தூரம் வீசும்போதுதான் கூடுதல் பணம் கையில் உணரப்படுகிறது.

நம் ஏரியிலோ எடை நரம்பில் இல்லை. அதன் நுனியில் கட்டிய ஈயக்குண்டிலோ தவளை வடிவ ரப்பர் இரையிலோ இருக்கிறது. நரம்பின் வேலை இழுப்பைத் தாங்குவது மட்டுமே. எனவே கேட்க வேண்டியது, எந்தப் பண்புக்குப் பணம் கொடுக்கிறோம், அப்பண்பு இந்த நீருக்குத் தேவையா என்பதுதான்.

முதலில், கண்ணுக்குத் தெரியாமை. ஃபுளூரோகார்பன் நரம்பின் விளம்பரம் முழுவதும் இதைப் பற்றியதே. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃபுளூரோகார்பனுக்கு 1.42; நைலானுக்கு 1.53 அளவில். அறிவியல் சரியானதே. ஆனால் தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கு வந்து சேரும் செந்நீரில் ஒரு முழ ஆழத்தில் கையே தெரியாது. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணியில் தேங்கும் நீரும் அப்படியே. தெளிந்த மலையோடைக்குரிய பண்பைக் கலங்கல் நீருக்காக வாங்குவது வீண் செலவு என்றே சொல்வேன்.

வலு வேறு கதை. பின்னல் நரம்பு, குண்டு துளைக்காத உடைகளிலும் பயன்படும் பாலிஎத்திலீன் இழைகளால் ஆனது. ஒரே பருமனில் நைலானைப் போல இரண்டு மூன்று மடங்கு தாங்கும். நீள்வதும் மிகக் குறைவு. அல்லிக்கொடிக்கும் வேலம்பாசிக்கும் நடுவே விரால் கவ்வினால் முதல் சில நொடிகளே முக்கியம். நைலான் ரப்பரைப் போல நீண்டு கொடுக்கும் அந்த இடைவெளியில் மீன் பாசிக்குள் புகுந்துவிடும். ரீலும் செயற்கை இரையும் கொண்டு விரால் தேடுபவருக்குப் பின்னல் நரம்பு ஆடம்பரம் அன்று. ஆனால் அதிலும் நடுத்தர விலைக்கு மேலே போகப்போகக் கிடைப்பது பெரும்பாலும் வழுவழுப்பும் நிறம் மங்காமையும்தான்.

மூங்கில் கோல்காரருக்கு அதே நரம்பு கெடுதல். அவரிடம் ரீல் இல்லை. மீன் துள்ளும்போது நரம்பை விட்டுக் கொடுக்க வழியில்லை. அந்த அதிர்ச்சியை ஏற்பது கோலின் வளைவும் நைலானின் நீட்சியுமே. நீளாத நரம்பைக் கட்டினால் கெண்டையின் மெல்லிய வாய் கிழியும், அல்லது கோல் முனை முறியும். ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் மலிவான நைலானே உரிய பொருள். விலை குறைவு என்பதால் அது தாழ்ந்ததாகிவிடாது. அடிக்கடி மாற்ற வேண்டும், அவ்வளவே. நைலான் ஈரத்தில் சற்று வலு இழக்கும். வெயிலில் மேலும் நலியும்.

வாங்கும் முன் கவனிக்க ஒன்று உண்டு. பொட்டலத்தில் அச்சிட்ட கிலோ கணக்கைவிடப் பருமனைப் பாருங்கள். மலிவுச் சரக்கில் இரண்டும் பொருந்தாதிருப்பது உண்டு. ஒரு முழத்தைத் தொங்கு தராசின் கொக்கியில் முடிந்து இழுத்தால் உண்மை தெரிந்துவிடும். பெரும்பாலும் அறுவது முடிச்சிலேயே. அவசரமாய்ப் போட்ட முடிச்சு நரம்பின் வலுவில் பாதியைக்கூடத் தின்றுவிடும். எச்சில் தொட்டு நனைத்து இறுக்குவது முன்னோர் பழக்கம். உராய்வுச் சூட்டில் நைலான் நலியாமல் அது காக்கிறது. பின்னல் நரம்பு வழுக்கும் என்பதால் அதற்குச் சுற்றுகள் கூடுதலாக வேண்டும்.

விலைச்சீட்டில் இல்லாத செலவொன்றும் உண்டு. அறுந்து நீரில் போகும் நரம்பு மட்குவதில்லை. வில்லியனூர்ப் பகுதியின் ஊசுடு ஏரி 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்நீரைப் பறவைகளுக்கே விட்டுவிடுவது முறை. ஆனால் பறவைகள் எல்லை பார்த்து இரை தேடுவதில்லை. நாரையும் நீர்க்காகமும் பாகூர் ஏரிக்கும் வரும். காலில் நரம்பு சுற்றிய நாரை நடந்து இரை தேட முடியாமல் பட்டினியில் சாகும். எனவே பின்னல் நரம்பு வாங்குவோர் அதன் நுனியில் இரண்டு முழம், வலுவில் சற்றுக் குறைந்த நைலானைச் சேர்த்துக் கட்டுவது நல்லது. சிக்கினால் அறுவது அத்துண்டு மட்டும். நூறு மீட்டர் நரம்பு ஏரியில் மிதக்காது, வாங்கியவரின் பணமும் ரீலிலேயே தங்கும். கழித்த நரம்பைக் கரையில் வீசாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் விரல் நீளத்துக்கு நறுக்கிக் குப்பையில் போடக் கத்தரிக்கோல் ஒன்று போதும்.