மஞ்சள் அட்டையும் குட்டிக்கரணமும்

கால்பந்தின் விதிகளை வகுக்கும் பொறுப்பு, 1886இல் தொடங்கப்பட்ட சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியத்திடம் இருக்கிறது. அது வெளியிடும் 17 விதிகளுள், தவறுகளையும் ஒழுங்கீனத்தையும் பற்றிய 12ஆம் விதியே, கோல் அடித்த ஆட்டக்காரர் எவ்வளவு தூரம் கொண்டாடலாம் என்பதையும் சொல்கிறது. கொண்டாடுவதை அவ்விதி தடுக்கவில்லை. கொண்டாட்டம் அளவு கடந்து ஆட்ட நேரத்தை விழுங்கக் கூடாது என்கிறது. எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடுவதுகூடக் குற்றமன்று, விரைவில் திரும்பினால் போதும். ஆனால் பாதுகாப்புக்கு ஊறு நேரும்படி தடுப்பு வேலியில் ஏறினாலோ கூட்டத்தை நெருங்கினாலோ, எதிரணியினரைச் சீண்டினாலோ ஏளனம் செய்தாலோ, முகமூடி அணிந்தாலோ, ஜெர்சியைக் கழற்றினாலோ அதைக் கொண்டு தலையை மூடிக்கொண்டாலோ, நடுவர் மஞ்சள் அட்டை காட்டியே ஆக வேண்டும். மஞ்சள் அட்டை என்பது எச்சரிக்கை. ஒரே ஆட்டத்தில் அதை இரண்டு முறை பெற்றவர் சிவப்பு அட்டையுடன் வெளியேற்றப்படுவார். அந்தக் கோல் பின்னர் செல்லாது என்று அறிவிக்கப்பட்டாலும் அட்டை மட்டும் நிலைத்திருக்கும்.

இவற்றுள் ரசிகர்கள் அதிகம் குறைபட்டுக்கொள்வது, 2004இல் கட்டாயமாக்கப்பட்ட ஜெர்சி விதியைத்தான். 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் 116ஆம் நிமிடத்தில் ஸ்பெயினுக்காக கோல் அடித்த ஆந்த்ரேஸ் இனியெஸ்தா, முந்தைய ஆண்டு இறந்துபோன நண்பர் தானி ஹார்கேயின் பெயர் எழுதிய உள்சட்டையைக் காட்டுவதற்காக ஜெர்சியைக் கழற்றி, மஞ்சள் அட்டை பெற்றார். 2022 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராக, 90 நிமிடங்களுக்குப் பின் ஈடாகச் சேர்க்கப்பட்ட நேரத்தின் 2ஆம் நிமிடத்தில் வெற்றி கோலை அடித்த கேமரூன் அணித்தலைவர் வின்சென்ட் அபுபக்கர், ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை பெற்றிருந்த நிலையிலும் ஜெர்சியைக் கழற்றினார். நடுவர் இஸ்மாயில் எல்ஃபாத் சிரித்துக்கொண்டே அருகில் வந்து, அவர் கையைக் குலுக்கிவிட்டு, மஞ்சளையும் சிவப்பையும் அடுத்தடுத்து உயர்த்தினார். நடுவரின் மனம் எவ்வளவு இளகினாலும் இந்த விதியில் அவருக்கு விருப்புரிமை இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அரசியல் சைகைகள் அட்டையோடு முடிவதில்லை. 2018 உலகக் கோப்பையில் செர்பியாவுக்கு எதிராக கோல் அடித்ததும் அல்பேனியக் கொடியின் இரட்டைத் தலைக் கழுகைக் கைகளால் காட்டிய சுவிட்சர்லாந்தின் ஜாக்கா, ஷகிரி ஆகிய இருவருக்கும் ஃபிஃபா தலா 10,000 சுவிஸ் பிராங்க் அபராதம் விதித்தது. கூட்டத்தில் கலவரம் மூளாமல் காக்க இத்தகைய கண்டிப்பு தேவை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இந்த விதிகள் அனைத்தும் ஆட்டத்தின் நேரத்தையும் பார்வையாளரின் பாதுகாப்பையும் காக்கின்றனவே தவிர, கொண்டாடுபவரின் உயிரைப் பற்றிப் பேசுவதில்லை. இந்தக் குறையை இந்தியக் கால்பந்து மிகுந்த விலை கொடுத்து அறிந்துகொண்டது. சென்னையின் எஃப்சி அணியால் தமிழ் ரசிகர்களுக்கு நெருக்கமான ஜேஜே லால்பெக்லுவாவைத் தந்த மிசோரமில், 2014 அக்டோபர் 14 அன்று, மிசோரம் பிரீமியர் லீக் போட்டியில் பெத்லகேம் வெங்த்லாங் அணிக்காக 62ஆம் நிமிடத்தில் கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்த பீட்டர் பியாக்சங்சுவாலா, மகிழ்ச்சியில் அந்தரத்தில் குட்டிக்கரணம் அடித்தார். கால்கள் தரையைத் தொடுவதற்கு முன் தலை மோதியதில் தண்டுவடம் கடுமையாகச் சேதமடைந்தது. ஐந்து நாள் போராட்டத்துக்குப் பின், அக்டோபர் 19 அன்று, 23 வயதில் அவர் உயிரிழந்தார். அவருடைய கண்கள் தானமாக அளிக்கப்பட்டன. அவர் அணிந்த 21ஆம் எண் ஜெர்சியை இனி யாருக்கும் தருவதில்லை என்று அவருடைய அணி முடிவு செய்தது.

அதே ஆண்டு ஜூன் மாதம் ஜெர்மனியின் மிரோஸ்லாவ் குளோசே, கானாவுக்கு எதிராக கோல் அடித்துவிட்டுக் குட்டிக்கரணம் போட்டுத் தடுமாறி விழுந்ததை உலகமே பார்த்தது. குட்டிக்கரணத்துக்கு அன்றும் தடை இல்லை, இன்றும் பெயர் சொல்லித் தடை இல்லை. ஜெர்சியைக் கழற்றுபவருக்கு அட்டை உறுதி. கழுத்தைப் பணயம் வைப்பவருக்கு எச்சரிக்கைகூட இல்லை. முறையான ஜிம்னாஸ்டிக் பயிற்சி பெற்றவர்கள் இதைப் பிழையின்றிச் செய்கிறார்கள் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் ஒரு மணி நேரம் ஓடிக் களைத்த கால்கள் போதிய உயரம் எழும்பாவிட்டால் சுழற்சி பாதியில் நின்று, முதலில் தரையைச் சந்திப்பது தலையாகவே இருக்கும்.

மகிழ்ச்சியை வெளிப்படுத்த ஆபத்தில்லாத வழிகளுக்குப் பஞ்சமில்லை. 2023 ஜூன் 12 அன்று புவனேசுவரத்தில் வனுவாட்டு அணிக்கு எதிராக கோல் அடித்த இந்தியாவின் சுனில் சேத்ரி, பந்தை ஜெர்சிக்குள் வைத்துக்கொண்டு, மனைவி தாய்மையுற்றிருக்கும் செய்தியை நாட்டுக்கே தெரிவித்தார்.

தொலைக்காட்சியில் பார்ப்பதை மறுநாளே திடலில் செய்துபார்ப்பது சிறுவர்களின் இயல்பு. வெம்பாக்கம், ஆரணி, செய்யாறு போன்ற ஊர்களின் பள்ளித் திடல்களில் உள்ள இறுகிய மண்தரை விழுபவரைத் தாங்காது. எனவே சர்வதேச வாரியம் விதியைத் திருத்தும்வரை காத்திராமல், உடற்கல்வி ஆசிரியர்களும் ஊர்ப் போட்டிகளை நடத்துவோரும் ஆட்டம் தொடங்கும் முன்பே, கோல் அடித்தவர் குட்டிக்கரணம் போடக் கூடாது என்று இரு அணிகளிடமும் சொல்லிவிட வேண்டும்.