மீன்தொட்டிக்குக் கீழே ஒரு பாசித் தோட்டம்

வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஓயாத தலைவலி நைட்ரேட். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் அம்மோனியாவை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றிவிடும். அது தண்ணீரிலேயே சேர்ந்துகொண்டு போகும்.

இதற்குக் கைகொடுப்பது கடற்பாசி. பெரிய தொட்டிக்குக் கீழே ஒரு சின்னத் தொட்டி, அதற்கு மேலே ஒரு விளக்கு. உள்ளே கீட்டோமார்ஃபா என்ற பாசி. பார்த்தால் சிக்கு விழுந்த பச்சை நைலான் நூல்தான்! தண்ணீர் இரண்டு தொட்டிக்கும் இடையே சுற்றிவர, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சி இது வளரும். வளர்ந்ததை அவ்வப்போது அள்ளி எடுத்துவிட வேண்டும். மறந்தால் பாசி அழுகி, உறிஞ்சியதெல்லாம் தண்ணீருக்கே திரும்பிவிடும்.

விளக்கை இரவில் எரியவிடுவது நல்லது. மேல்தொட்டி இருண்டிருக்கும்போது கீழே பாசி கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால், தண்ணீரின் கார அமிலத் தன்மை அதிகம் ஏறி இறங்காது.

தீனிக்கென்றே வளர்ப்பதானால் கிராசிலேரியா. மன்னார் வளைகுடாவில் எடுக்கிறார்களே கஞ்சிப்பாசி, அதே இனம். சர்ஜன் மீன்களுக்கு இது என்றால் உயிர்.

காலெர்பாவிடம் மட்டும் கவனம் தேவை. அழகான பாசிதான். ஆனால் மத்தியதரைக் கடலில் அதன் ஒரு வகை, 1984இல் மொனாக்கோ கடல்சார் அருங்காட்சியகத்தை ஒட்டிய கடலில் சிறு திட்டாகத் தென்பட்டது. பிறகு பல நாட்டுக் கரைகளுக்கும் பரவிவிட்டது. கடலுக்குப் போய்ச் சேரும் ஒரு துண்டு போதும், அது புதிதாக வேர்விட.